கைமாறிய கலையகங்கள்: ஒரு திறனாய்வு நோக்கு

கண்டிச் சீமையின் தோட்டப்புறங்களில் மூடப்பட்ட தொழிற்சாலை ஒன்றைக் காண்பது அரிதன்று. தோட்டம் கைமாறுகின்றது, புதிய முகாமை கணக்கைப் புரட்டுகின்றது, இரண்டு தோட்டங்களுக்கு ஒரு தொழிற்சாலை போதும் எனத் தீர்மானிக்கின்றது, அன்று முதல் கொழுந்து லொறியிலேறி அயல் தோட்டத்துக்குச் செல்கின்றது. கோப்பி அழிந்து தேயிலை வந்த நாள் தொட்டு வெள்ளைக்காரக் கம்பனிகளும், 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின் பின்னர் அரசும், 1992 முதல் 22 பிராந்தியக் கம்பனிகளும் எனக் கைகள் பல மாறக் கண்டவர் இம்மலைநாட்டு மக்கள். ஆதலின், வாங்குதலும் மூடுதலும் ஒரே கதையின் இரு பகுதிகள் என்பது மடுல்கெல்லையில் வாழ்வார்க்கு விளக்கிக் கூற வேண்டியதன்று. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துத் தொழிற்சாலை மூடப்பட்டுக் கிடந்து, 1996இல் உல்லாச விடுதியாயிற்று. கொழுந்து வாட்டிய மாடிகளில் இன்று விருந்தினர் உறங்குகின்றனர்.

இவ்வனுபவத்தைத் துணையாகக் கொண்டு, தேயிலைக்கு முற்றும் வேறான துறையொன்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். கணினி ஆட்டங்களை ஆக்கும் கலையகங்களைப் பெருங்கம்பனிகள் வாங்குவதும், சில ஆண்டுகளுள் அவற்றை இழுத்து மூடுவதும் கடந்த முப்பது ஆண்டுகளாக உலகெங்கும் நிகழ்ந்து வருகின்றன. சமய இலக்கியக் கட்டுரைகளை எதிர்பார்த்து இம்மலரைத் திறந்தார்க்கு இப்பொருள் புதிதாகத் தோன்றலாம். ஆயினும் லயத்து இளைஞர் கையிலுள்ள தொலைபேசியில் ஒருநாளிற் பலமணி நேரம் இடம்பெறும் ஒரு கலையைத் திறனாய்வாளர் காணாதவர் போல் இருத்தல் பொருந்தாது. மேலும், அவ்விளைஞருட் சிலர் இன்று அக்கலையை ஆடுவதோடு அமையாது, ஆக்கவும் கற்று வருகின்றனர். ஒரு கலையகம் மூடப்படும்போது பத்திரிகைகள் இழந்த வேலைகளின் தொகையையும், செலவிட்ட டொலரின் தொகையையும் கூறி அமைகின்றன. அவை வேண்டிய செய்திகளே. ஆயின் கலை என்ற வகையில் அங்கு அழிவது யாது என்ற வினாவுக்கு விடை கூறுதல் திறனாய்வின் கடன்.

முதற்கண், கலையகம் என்பது யாது எனத் தெளிதல் வேண்டும். கணினி ஆட்டம் தனியொருவன் ஏட்டின்முன் அமர்ந்து இயற்றும் நூல் போன்றதன்று. ஓவியர், இசைவாணர், கதை வகுப்போர், கணிப்பொறி மொழியில் ஆணை எழுதுவோர், பிழை தேடுவோர் எனப் பலர் ஆண்டுக்கணக்காக ஒருங்கிருந்து செய்வது. நமது தோட்டங்களிலே ஆடப்படும் காமன் கூத்தை இதற்கு ஒப்பிடலாம். கூத்து முழுவதும் எவரேனும் ஒருவர் மனத்தில் மட்டும் இருப்பதன்று. பாட்டு ஒருவரிடமும், அடி ஒருவரிடமும், ஒப்பனை ஒருவரிடமும், எங்கே நிறுத்தி எங்கே எடுக்க வேண்டும் என்ற நுட்பம் தப்பு அடிப்பவரிடமும் இருக்கும். ஆடுபவன் அடி தவறினால் தப்பு அடிப்பவர் அத்தவற்றைத் தாளத்துள் வாங்கி மறைத்துவிடுவார். அவ்விருவரும் பல ஆண்டுகள் உடன் ஆடியவர்களாய் இருந்தாலன்றி இது கைகூடாது. இத்தகைய கூட்டுப் பழக்கமே கலையகத்தின் உயிர். கட்டடமும் பெயர்ப்பலகையும் உரிமைப் பத்திரமும் அதன் உடல் என்க.

இதற்குச் சிறந்த சான்றாக 2023ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த 'ஹை-பை ரஷ்' என்னும் ஆட்டத்தைக் காட்டலாம். இதனை ஆக்கியது யப்பானின் தோக்கியோ நகரிலுள்ள டாங்கோ கேம்வேர்க்ஸ் என்னும் கலையகம். 2010இல் சின்ஜி மிக்காமி என்பவர் இதனைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் செனிமக்ஸ் கம்பனி இதனைத் தன்னுடன் சேர்த்துக் கொண்டது. செனிமக்ஸை மைக்ரோசொப்ட் 750 கோடி டொலருக்கு வாங்குவதாக 2020இல் அறிவித்து, 2021இல் அவ்வாணிகத்தை முடித்தது. இவ்வாறு ஒரு கை இன்னொரு கைக்குள்ளும், அக்கை வேறொரு பெருங்கைக்குள்ளும் அடங்கிற்று.

ஹை-பை ரஷ் ஆட்டத்தின் நாயகன் பெயர் சாய். தேயிலை நாட்டவராகிய நமக்கு அப்பெயர் புன்னகை வருவிக்கும். அவனோடு கறுவாவின் ஆங்கிலப் பெயர் தாங்கிய இயந்திரன் ஒன்றும் உண்டு. வண்டலே என்னும் மாபெருங் கம்பனியிலே செயற்கைக் கை பொருத்திக் கொள்ளச் சென்ற சாயின் மார்பில், தற்செயலாக ஓர் இசைக்கருவி பதிந்துவிடுகின்றது. அது முதல் அவன் காணும் உலகம் முழுவதும் தாளத்துக்கு அசைகின்றது. நீராவிக் குழாய் தாளத்துக்குப் புகை விடும். விளக்குகள் தாளத்துக்கு மின்னும். பகைவரும் தாளம் தவறாது அடிப்பர். ஆடுவோன் பொத்தானைச் சற்று முந்தியோ பிந்தியோ அழுத்தினாலும், சாயின் அடி தாளத்திலேயே சென்று விழுமாறு அமைத்துள்ளனர். சரியாக அழுத்தினால் மிகுதிப் பயன் உண்டு. தவறினால் தண்டனை இல்லை. முன்னர்க் கூறிய தப்பு அடிப்பவரின் பெருந்தன்மையே இது. இயக்க ஓவியர், இசையாளர், ஆணை எழுதுவோர் ஆகிய மூவரும் ஒரு நொடியின் சிறு கூற்றிலும் உடன்பட்டிருந்தாலன்றி இவ்விளைவு தோன்றாது. ஒவ்வொரு பகைவனின் கையோங்கலும் இத்தனை மாத்திரை என அளந்து வரையப்பட வேண்டும். ஒருவர் பிழைத்தால் மூவரின் வேலையும் கெடும்.

இக்கலையகம் அதற்குமுன் புகழ் பெற்றது அச்சச் சுவையில் என்பது வியப்பு. 2014இலும் 2017இலும் வெளிவந்த 'தி ஈவில் விதின்' ஆட்டங்கள் இரண்டும் இருளும் குருதியும் நிறைந்தவை. அவற்றுள் இரண்டாவதை நெறிப்படுத்திய ஜோன் ஜொஹானாஸ் என்பவரே ஹை-பை ரஷ்ஷையும் நெறிப்படுத்தினார். அச்சச் சுவையில் ஒலியையும் காலத்தையும் அளந்து கையாளப் பழகிய கைகள், அப்பழக்கத்தையே நகைச்சுவைக்கு மாற்றிக்கொண்டன எனல் தகும். பத்தாண்டுக்கு மேல் ஒருங்கிருந்த குழுவுக்கே இத்தகைய பெயர்ச்சி இயலும்.

இனி, இவ்வாட்டத்தின் பொருளைக் காண்போம். சாய் வெல்ல வேண்டிய பகைவர் அசுரரல்லர். ஒரு கம்பனியின் பகுதித் தலைவர்கள். உற்பத்தி, ஆராய்ச்சி, பாதுகாப்பு, விளம்பரம், நிதி எனப் படிப்படியாக ஏறித் தலைமை அதிகாரியை அடைகின்றான். ஆராய்ச்சித் தலைவன் தோற்பது வாளால் அன்று. அவனுக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்தமையால். அக்கம்பனியை ஆக்கியவர் ஓர் அம்மையார். அவரை அகற்றிவிட்டு அவர் மகனே தலைமையைக் கைப்பற்றி, மக்களுக்கு உதவவெனப் பிறந்த கருவிகளை அவர்களை அடக்கப் பயன்படுத்துகின்றான் என்பது கதையின் உட்கிடை. தோற்றுவித்தவரின் நோக்கம் ஒன்று, கைக்கொண்டவனின் நோக்கம் வேறொன்று என்னும் இப்பொருளை அழுகையின்றி நகையாலே கூறியமை இவ்வாட்டத்தின் தனிச்சிறப்பாகும்.

அதே ஆண்டில் 30 இலட்சம் பேர் இதனை ஆடினர் எனக் கலையகம் அறிவித்தது. மைக்ரோசொப்ட்டின் விளம்பரப் பொறுப்பாளர் ஒருவரே, எல்லா அளவுகளாலும் இது வெற்றி எனப் பகிரங்கமாகக் கூறினார். ஒலியமைப்புக்கும், 2024இல் பிரித்தானியப் பரிசுக் கழகத்தில் இயக்க ஓவியத்துக்கும் பரிசுகள் கிடைத்தன. அதே 2024ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள், டாங்கோ கேம்வேர்க்ஸ் மூடப்படும் என்ற அறிவித்தல் வெளிவந்தது. மறுநாட் பணியாளர் கூட்டத்திலே, நன்மதிப்பும் பரிசும் ஈட்டித்தரும் சிறிய ஆட்டங்கள் தமக்கு வேண்டும் என மேலதிகாரி ஒருவர் பேசினார் என்றும் செய்தி வந்தது. ஆட்டத்தில் வரும் வண்டலேயின் அதிகாரி எவரும் இத்துணை நயம்படப் பேசியதில்லை.

இதனை வெறும் முரண்நகை எனக் கூறிச் சிரித்து அப்பாற் செல்லுதல் எளிது. மூடியதன் காரணத்தைச் சற்று ஆராய வேண்டும். மைக்ரோசொப்ட் தன் ஆட்டங்களை மாதச் சந்தா ஒன்றின் கீழ், நூலகம் போலத் திறந்து வைக்கின்றது. ஹை-பை ரஷ் வெளிவந்த முதல் நாளிலேயே அந்நூலகத்துட் சேர்ந்தது. நூலகத்தின் வருவாயில் ஒரு நூல் ஈட்டியது எவ்வளவு எனப் பிரித்துக் கூறல் அரிது. ஆனால் அந்நூலை எழுதியவர்க்குக் கொடுத்த சம்பளம் மட்டும் தெளிவாகத் தெரியும். வரவு மங்கலாகவும் செலவு பளிச்செனவும் தோன்றும் கணக்கேட்டில், நல்ல ஆட்டம் ஆக்கிய கலையகமும் செலவாகவே காட்சி தரும். அதற்கு முந்திய ஆண்டிலே அக்கம்பனி அக்டிவிசன் பிளிசார்ட்டை ஏறத்தாழ 6,900 கோடி டொலர் கொடுத்து வாங்கியிருந்தது என்பதையும் மறத்தலாகாது. பெருவிலை கொடுத்தவன் சிறுசெலவிற் சிக்கனம் தேடுதல் நாம் தோட்டங்களிலும் காணாததன்று.

வாங்குவோரை எள்ளும் ஆட்டத்தை அக்கலையகமே ஆக்குதல் இதுவே முதன்முறையுமன்று. அமெரிக்காவில் ரிச்சர்ட் கரியட் முதலானோர் 1983இல் தொடங்கிய ஒரிஜின் என்னும் கலையகம், 1992இல் 'அல்டிமா' வரிசையின் ஏழாம் ஆட்டத்தை வெளியிட்டது. நன்மை செய்வார் போல் ஊரூராகச் சென்று தீமை விதைக்கும் எலிசபெத், ஆபிரகாம் என்னும் இருவர் அதில் வருகின்றனர். அப்பெயர்களின் ஆங்கில முதலெழுத்துக்கள் எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் என்னும் போட்டிக் கம்பனியின் முதலெழுத்துக்கள். தீய சக்தி உறையும் மூன்று பொறிகளின் வடிவங்களும் அக்கம்பனியின் அக்காலத்து இலச்சினையை ஒத்தவை. அவ்வாண்டு முடியுமுன்னரே ஒரிஜினை எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் வாங்கிற்று, 2004இல் மூடிற்று. கலைஞர் தம் பகையை எவ்வளவு தெளிவாக அறிந்திருந்தாலும், விற்பனைப் பத்திரத்திலே ஒப்பமிட நேரும்போது அவ்வறிவு உதவுவதில்லை போலும்.

பண்டைத் தமிழகத்துப் பாணர் கூட்டத்தை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். புரவலன் பரிசில் தாராது விட்டால் பாணர் யாழை உறையிலிட்டு வேறொரு வாயிலை நாடிச் செல்வர். ஆற்றுப்படை இலக்கியம் முழுவதும் இவ்வழிநடையிற் பிறந்ததே. புரவலன் பாட்டைக் கேட்டான், சோறிட்டான், பாட்டை உரிமையாக்கிக் கொண்டானல்லன். இக்காலப் புரவலனோ யாழையும் பாட்டையும் அவற்றின் பெயரையும் முதலிலே எழுதி வாங்கிக்கொள்கின்றான். கலையகம் மூடப்பட்ட பின் வெளியேறும் கலைஞர் தாம் படைத்த பாத்திரத்தை எங்கும் பாட இயலாது. பழைய வறுமைக்கும் புதிய வறுமைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

உரிமை வாங்கியவன் கையிலிருக்கும்போது ஆக்கும் திறன் எங்கிருந்தது என்பதற்கு வெஸ்ட்வூட் கலையகத்தின் வரலாறு விடை தருகின்றது. பிரெட் ஸ்பெரி, லூயி கஸல் ஆகிய இருவர் 1985இல் லாஸ் வேகாஸ் நகரில் இதனைத் தொடங்கினர். 1992இல் வந்த 'டியூன்' இரண்டாம் ஆட்டத்தாலும், 1995இல் வந்த 'கொமாண்ட் அண்ட் கொங்கர்' ஆட்டத்தாலும், நிகழ்நேரப் போர்ச்சூழ்ச்சி ஆட்டம் என்னும் வகைக்கு இவர்களே இலக்கணம் வகுத்தனர் எனலாம். எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் 1998இல் 12 கோடி டொலருக்கு மேற் கொடுத்து இதனை வாங்கி, 2003இல் மூடிற்று. வெளியேறியோருட் சிலர் பெட்ரோகிளிப் என்னும் சிறு கலையகத்தை அமைத்தனர். பதினேழு ஆண்டுகள் கழிந்தன. 2020இல் பழைய ஆட்டங்களைப் புதுக்கி வெளியிட விரும்பிய எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ், அப்பணியை ஒப்படைத்தது பெட்ரோகிளிப்பிடமே. பெயரும் உரிமையும் மூலப்படங்களும் கம்பனியின் பெட்டகத்திற் கிடந்தன. அவற்றை உயிர்ப்பிக்கும் கையைத் தேடி, தான் அனுப்பிவிட்டவர் வாயிலுக்கே கம்பனி செல்ல வேண்டியதாயிற்று.

இதற்கு மறுப்பாக ஒன்று கூறலாம். தோல்வியுற்ற கலையகத்தை மூடாது வைத்திருத்தல் எவ்வாறு இயலும்? டாங்கோவுடன் ஒரே நாளில் மூடப்பட்ட ஆர்க்கேன் ஒஸ்ரின் கலையகத்தின் 'ரெட்போல்' என்னும் ஆட்டம் 2023இல் வெளிவந்து தோல்வி கண்டது உண்மை. அவ்வாட்டத்தைப் பாராட்ட நானும் காரணம் காணேன். வெறிச்சோடிய தெருக்களும் அறிவிலாப் பகைவருமாய் அது சோர்வு தருகின்றது. ஆனால் அதே கலையகம் 2017இல் ஆக்கிய 'பிரே' என்னும் ஆட்டம் இக்கலையின் உயர்ந்த ஆக்கங்களுள் ஒன்று. விண்வெளியில் மிதக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையம் அதன் களம். மேசைமேல் இருக்கும் கோப்பை திடீரெனப் பகையுயிராய்ப் பாயும். அதனினும் வியப்பு, அந்நிலையத்துப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. கணினிப் பட்டியலில் ஒருவர் பெயரைத் தேடி, அவர் இருக்குமிடத்தை அல்லது அவர் பிணம் கிடக்குமிடத்தைக் கண்டடையலாம். பெயரற்ற பிணம் அங்கே இல்லை.

இவ்வளவு நுணுக்கமாகத் தனித்தாடும் ஆட்டம் ஆக்கிய குழு, பலர் கூடிச் சுடும் ஆட்டம் ஆக்கப் புகுந்தது. ரெட்போல் முடியுமுன் 'பிரே'யில் உழைத்தோருள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் விலகிவிட்டனர் என புளூம்பேர்க் செய்தி நிறுவனம் 2023இல் எழுதிற்று. எனவே 2024இல் மூடப்பட்டது பெயர்ப்பலகையே. கூட்டுப் பழக்கம் முன்னரே கலைந்து போயிற்று. இத்தோல்வியை எடுத்துக்காட்டி மூடுதலை நியாயப்படுத்துவோர், நோயைக் காட்டி நோயாளியைக் குற்றஞ் சாட்டுகின்றனர். ஆயினும் புரவலன் பக்கத்து நியாயம் ஒன்றை மறைத்தலும் நேர்மையன்று: 2010இல் செனிமக்ஸ் கைகொடாதிருந்தால் டாங்கோவின் ஆட்டங்கள் பிறந்தே இரா. வாங்குதல் எல்லாம் தீமையன்று; வாங்கியது இன்னதென அறியாது வைத்திருத்தலே தீமை.

இதுகாறும் கூறியவை அமெரிக்காவிலும் யப்பானிலும் நிகழ்ந்தவை. நமக்கு அண்மையில் உள்ள இந்தியாவிலும் இது நிகழ்ந்துள்ளது. 1999இல் விஷால் கோண்டால் மும்பையில் தொடங்கிய இந்தியாகேம்ஸ், திறன்பேசி வருமுன்னரே சிறு தொலைபேசித் திரைக்குக் கிரிக்கெட்டும் சினிமாவும் சார்ந்த ஆட்டங்களை ஆக்கிப் பெயர் பெற்றது. 2005இல் சீனத்து டொம் ஒன்லைன், 2007இல் மும்பையின் யூ.டீ.வீ., பின்னர் யூ.டீ.வீ.யையே விழுங்கிய டிஸ்னி எனக் கைகள் மாறின. கோண்டால் 2013இல் விலகினார். உலகெங்கும் ஆட்டத்துறையைச் சுருக்கிய டிஸ்னி, 2016இல் இந்திய ஆட்டப் பிரிவையும் மூடிற்று. இங்குத் திறனாய்வாளனுக்கு நேரும் இடர் பெரிது. வெஸ்ட்வூட்டின் ஆட்டங்களை இன்றும் ஆடிப்பார்த்து மதிப்பிடலாம். பழைய தொலைபேசிகளோடு மறைந்த இந்திய ஆட்டங்களுட் பெரும்பாலானவற்றை அவ்வாறு எளிதில் ஆடிப்பார்த்தல் இயலாது. அவை நல்லனவோ தீயனவோ எனக் கூறவே மூலம் இல்லை. ஏட்டுச்சுவடிகளைச் செல்லுக்கும் ஆற்றுக்கும் கொடுத்த மரபினராகிய நாம், அவ்விழப்பை இன்னொரு வடிவில் மீண்டும் செய்துகொண்டிருக்கின்றோம்.

இதற்கு எதிரான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. பெங்களூரில் ராஜேஷ் ராவ் 1997இல் தொடங்கிய துருவா கலையகம், பிறர் ஆட்டங்களுக்கு வேண்டிய ஓவியங்களைச் செய்து கொடுத்து வளர்ந்தது. சுவீடன் நாட்டு ஸ்டார்பிரீஸ் அதனை வாங்கியது; அக்கம்பனி நிதி நெருக்கடிக்குள்ளானபோது, 2019இல் ரொக்ஸ்டார் 79 இலட்சம் டொலருக்கு வாங்கித் தன் இந்தியக் கிளையோடு இணைத்தது. துருவா என்னும் பெயர் மறைந்தது. உழைத்தோர் சிதறாது ஒருங்கே சென்றனர். பெயர் போய்க் கைகள் எஞ்சுவதா, கைகள் போய்ப் பெயர் எஞ்சுவதா எனின், முன்னதையே நான் விரும்புவேன். மடுல்கெல்லையிலிருந்தோ பன்விலயிலிருந்தோ இத்தொழிலை நாடிப் புறப்படும் இளைஞர், உடன்பாட்டுப் பத்திரத்தில் ஒப்பமிடுமுன் இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் படித்தல் நன்று. சம்பளம் எவ்வளவு என்பதோடு, கலையகம் மூடப்பட்டால் படைப்பு யாரிடம் இருக்கும், படைப்பில் தம் பெயர் இருக்குமா என்பவற்றையும் வினவுதல் வேண்டும்.

டாங்கோவின் கதையும் முற்றிலும் முடிந்துவிடவில்லை. 2024 ஆகஸ்டில் தென்கொரியாவின் கிராப்டன் கம்பனி, கலையகத்தின் பெயரையும் ஹை-பை ரஷ்ஷின் உரிமையையும் பெற்று, பணியாளர் தொடர்ந்து உழைக்க வழி செய்தது. மிக்காமி அதற்கு முந்திய ஆண்டே விலகிவிட்டார். தோற்றுவித்தவர் இன்றியும் குழு குழுவாய் நிலைக்குமோ என்பது இனி வரும் ஆட்டத்தைக் கண்டே கூறத்தக்கது.

திறனாய்வாளர் தம் குறையையும் இங்கு ஒப்புக்கொள்ளல் வேண்டும். நாம் ஆட்டத்தைக் கம்பனியின் பெயராலோ தலைவர் ஒருவரின் பெயராலோ சுட்டிப் பழகிவிட்டோம். கொழும்பு ஏலத்தில் தேயிலை தோட்டத்தின் விற்பனைக் குறியாலே அறியப்படுவது போல, ஆட்டமும் குறியாலே அறியப்படுகின்றது. நொதித்தல் போதும் என மூக்கால் அறிந்து நிறுத்திய டீமேக்கரை ஏலக்காரர் அறியார். ஆட்டத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலை வாசிப்பார் அரியர். பொத்தானை அழுத்தி அதனைத் தாண்டிச் செல்வதே வழக்கம். இக்கட்டுரை எழுதுமுன் 1995ஆம் ஆண்டுக் கொமாண்ட் அண்ட் கொங்கரின் பட்டியலையும், 2020இல் புதுக்கிய பதிப்பின் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். வெஸ்ட்வூட்டின் இசையாளர் பிராங்க் கிளப்பாக்கியின் பெயர் இரண்டிலும் இருக்கின்றது.